பேர் வெட்டின கேரியர்

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. வாசல்லயே நின்னா எப்படி? செருப்பு கிடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. முதல்ல அதை இப்படிக் கொண்டாங்க. ஐயோ, என் கேரியரு! இது போனது போனதுதான்னு நினைச்சிருந்தேன். மூடியைப் பாருங்க, பேரு வெட்டியிருக்கு. ஆ. தங்கப்பழம், மேட்டுத்தெரு, சாத்தூர். இதை வச்சுத்தான எங்கப்பா வீட்டைக் கண்டுபிடிச்சீக? எங்கப்பாவுக்கு இது ஒரு கிறுக்கு. என் கல்யாணத்துக்கு எடுத்த குடம், சருவம், தாம்பாளம், கரண்டி வரைக்கும் பாத்திரக்கடையில நின்னு பேரு, தெரு, ஊரு எல்லாம் வெட்டி வாங்கினாரு. எங்க மாமியா கேட்டாக, "பொண்ணு எங்களுக்கு, பேரு மட்டும் உங்களுக்கா?"ன்னு. "பேரு இருந்தா எங்க போனாலும் வீடு வந்து சேரும்மா"ன்னாரு. இந்தா, சேந்துருச்சுல்ல.

உக்காருங்க. ஃபேன் காத்து அந்தச் சேருக்குத்தான் வரும், அதுல உக்காருங்க. எங்கப்பா இருந்த அதே கொரோனா வார்டுலதான் இருந்தேன்னு வாசல்ல சொன்னீகளே. அந்த வார்டுல இருந்து உசுரோட வந்த ஒரு ஆளை இப்பத்தான் பாக்குறேன். இருங்க, இருங்க. நீங்க சொல்ல வந்ததை அப்புறம் சொல்லலாம். என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. எங்க அத்தை வரட்டும், தம்பி வரட்டும். ரெண்டு பேரும் தாலுகா ஆபீஸுக்குப் போயிருக்காக, வாரிசு சர்டிபிகேட் விஷயமா. சாப்பாட்டுக்கு வந்துருவாக. அவுக முன்னாடி நீங்க வாயைத் திறந்து சொல்லணும். உங்களைக் கடவுள்தான் அனுப்பியிருக்காரு, நான் சத்தியமாச் சொல்றேன்.

என்ன சொல்லணுமா? எங்கப்பா என் சோத்தைச் சாப்பிட்டாருங்கறதைத்தான்.

அத்தை எங்கப்பா கூடப் பிறந்தது. இந்த ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லை அண்ணாச்சி, எல்லா வீட்டுலயும் போயி உக்காந்து சொல்லியாச்சு. "எங்கண்ணன் வாயில ஒரு சொட்டுப் பால் ஊத்த நாதியில்ல. மக உள்ளூர்ல இருந்தா, வாசலோட நின்னுட்டா"ன்னு. வாசலோட நின்னேனாம். நானாவா நின்னேன்? நிக்க வச்சாக. அந்த ஆஸ்பத்திரிக் கேட்டுக்கும் எனக்கும் நடந்ததை நீங்க உள்ள இருந்தவுக, உங்களுக்கும் தெரியாது. கேளுங்க.

வைகாசி மாசம். காய்ச்சல், இருமல், அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுருச்சு. ஆம்புலன்ஸுல ஏத்தினாக. நானும் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசல்ல அவரைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாக, என்னைப் பிடிச்சு நிறுத்திட்டாக. அவரு திரும்பிப் பாத்துக்கிட்டே போறாரு. கையை இப்படி இப்படின்னு காட்டுறாரு, வா வான்னு. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஓட்டின மனுசன், அந்தக் காலத்துல வேலைக்குப் போற நூறு பொம்பளைப் பிள்ளைகளைக் காலையில வீடு வீடா ஏத்தி, சாயங்காலம் வீடு வீடா இறக்கிவிட்டவரு. ஒருத்தியை வழியில விட்டுட்டு வந்ததில்ல. அவரை நான் விட்டுட்டு நிக்கிறேன்.

சிப்பந்தி ஒருத்தன் வந்து, "கட்டில் நம்பர் பதினாலு, சாப்பாடு குடுக்கணும்னா பேரும் நம்பரும் எழுதி ஒட்டிக் குடுங்க, உள்ள போயிரும்"ன்னான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. மனுசி உள்ள போகக் கூடாது, சோறு போகலாம். சரி, நான் சோறாப் போறேன்னு முடிவு பண்ணிட்டேன்.

தினம் விடியமுன்ன எந்திரிச்சு ஆக்குவேன். சோறு ஒரு அடுக்கு, ரசம் ஒரு அடுக்கு, தொட்டுக்க ஏதாவது ஒரு வெஞ்சனம். மேல மூடியில மோர் மிளகா. எங்கப்பாவுக்கு எது இல்லைன்னாலும் மோர் மிளகா வேணும். மிக்சர் திங்கற மாதிரி கடிப்பாரு, காம்பைக் கூட விடமாட்டாரு. பிளாஸ்திரி ஒட்டி, தங்கப்பழம், பதினாலுன்னு கொட்டை எழுத்துல எழுதுவேன். எங்க வீட்டுக்காரரு டிவிஎஸ்ல கூட்டிட்டுப் போவாரு. ஊரடங்கு, வழியெல்லாம் போலீஸ். மறிச்சா கேரியரைத் தூக்கிக் காட்டுவேன். விட்டுருவாக. சாப்பாட்டை மறிக்கிற போலீஸ்காரன் இன்னும் பிறக்கல.

ஒரே மாதிரி ரெண்டு கேரியர் என்கிட்ட. இன்னைக்கு ஒண்ணு குடுப்பேன், நேத்திக்குப் போனது திரும்பி வரும். காலியா வரும் அண்ணாச்சி! ஒரு பருக்கை இருக்காது. அதுவும் கழுவி வரும். நான் கேட்டுக்கிட்ட நின்னு சிரிச்சேன். ஏன்னா எங்கப்பா அவரு பிறந்ததுலேருந்து ஒரு டம்ளரைக் கழுவினதில்ல. ஆஸ்பத்திரியில படுத்ததும் மனுசன் திருந்திட்டாருன்னு நினைச்சேன். அம்மா இருந்து பாத்திருந்தா அழுதிருக்கும்.

மிளகா மட்டும் திரும்பி வந்துரும். மூடியில ஓரமா, காம்போட, வச்சது வச்சபடி. தொண்டை புண்ணா இருக்கும், ஆக்சிஜன் வைக்கிறாகல்ல, பாவம்னு நினைச்சுக்கிட்டேன். ஆனாலும் மறுநாளும் வைப்பேன். என்னைக்காவது ஒருநாள் மிளகா வராது, அன்னைக்கு அவரு தேறிட்டாருன்னு அர்த்தம்னு எனக்குள்ள ஒரு கணக்கு.

என்ன? தண்ணியா? இந்தா, குடிங்க. இல்ல, நீங்க இப்ப எதுவும் சொல்ல வேண்டாம். நான் முடிச்சுக்கிடுறேன். யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. எல்லாரும் பாதியிலயே, "சரி விடு செல்லக்கனி, விதி"ங்கறாக. விதியா கேட்டுக்கு முன்னாடி காக்கிச் சட்டை போட்டு நின்னுச்சு?

அந்த செக்யூரிட்டிகிட்ட நான் என்னவெல்லாம் கேட்டிருக்கேன் தெரியுமா? முதல்ல அழுதேன். அப்புறம் சண்டை போட்டேன். அப்புறம் அவன் பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டுக் கொண்டு போனேன். வாங்கிக்கிட்டான், உள்ள விடல. "எங்கம்மாவும் இங்கதான் கிடக்கு, நானே பாக்கலக்கா"ன்னான். பொய் சொல்றான்னு திட்டினேன். ஒருநாள் கூட்டிப் பெருக்குற காண்ட்ராக்டுக்காரன்கிட்டப் போயி, "என்னை வேலைக்கு எடுத்துக்கங்க, சம்பளம் வேண்டாம், கக்கூஸைக் கழுவுறேன், அந்த வார்டுல மட்டும் போடுங்க"ன்னு கேட்டேன். "உனக்கும் வந்து நீயும் படுத்துக்கிட்டா உனக்கு யாரும்மா கட்டில் தருவா?"ன்னான். நான் பதினாலுலயே ஓரமாப் படுத்துக்கிடுவேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. சிரிக்கட்டும்.

போன் வச்சிருந்தாரு, ரெண்டாவது நாளே சுவிட்ச் ஆஃப். சார்ஜர் குடுத்துவிட்டேன், அது போயிச் சேந்துச்சோ என்னமோ.

அந்த நீலச் சட்டைக்காரன், முகமே தெரியாது, கண்ணு மட்டுந்தான். கேரியரை வாங்க வர்றவன். அவன்தான் எனக்குத் தெய்வம். "பதினாலு எப்படிய்யா இருக்காரு?"ன்னா, "நல்லா சாப்பிடறாரும்மா"ம்பான். ஒருநாள் சொன்னான், "பதினாலு ரசத்துல உப்பு கொஞ்சம் குறைக்கச் சொன்னாரும்மா." எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது அண்ணாச்சி. பிரஷருக்கு உப்பைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லி, நான் சொல்லி, கேக்காத மனுசன். ஊறுகாய்க்கே உப்பு பத்தலைன்னு சொல்றவரு. கடைசியில என் பேச்சைக் கேட்டாருன்னு, அன்னைக்கு வண்டியில வரும்போது எங்க வீட்டுக்காரரு முதுகுல சாஞ்சு அழுதேன். மறுநாள்லேருந்து பாதி உப்புதான்.

இந்தா, எந்திரிச்சு இங்க வந்து உக்காருங்க. தட்டு வைக்கிறேன். சும்மா இருங்க, என் அப்பா கூடப் படுத்திருந்தவரை வெறும் வயித்தோட அனுப்புவேனா? மாஸ்க்கைக் கழட்டுங்க, எங்களுக்கெல்லாம் ரெண்டு ஊசி ஆச்சு. கத்திரிக்காப் பொரியல், ரசம். அப்பாவுக்குக் குடுத்த அதே ரசந்தான். பிசைஞ்சு சாப்பிடுங்க, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

என் தம்பி இருக்கான் பாருங்க, பாண்டி, அவனுக்கு மெட்ராஸ்ல வேலை, அப்ப அங்கதான் மாட்டிக்கிட்டான். அவன் அங்கேருந்து போன்ல டாக்டர்கிட்டப் பேசுவானாம். பேசிட்டு என்கிட்ட சொல்றான், "அக்கா, அப்பாவை ரெண்டாம் நாளே மாடிக்கு மாத்திட்டாக. ஐசியு. வாயில குழாய். நீ சோறு கொண்டு போகாத, அலையாத"ன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "டேய், குழாய் போட்ட மனுசன் எப்படிடா சோறு திம்பாரு? என் கேரியரு தினம் காலியா வருது, ரசத்துக்கு உப்பு சொல்லிவிடறாரு. உன் டாக்டரு எந்தத் தங்கப்பழத்தைப் பாத்துட்டுச் சொல்றான்?"ன்னேன். அப்புறம், "சரிக்கா, கொண்டு போ"ன்னான். ஏதோ எனக்குப் பிச்சை போடுற மாதிரி சொன்னான். படிச்சவனுக்கு எல்லாம் போன்லயே தெரிஞ்சிரும். நான் நேர்ல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?

இன்னொண்ணும் நடந்துச்சு. இதை அவன்கிட்டச் சொன்னேன், நம்பல. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை, பூட்டிக் கிடந்துச்சு. வெளிப்பக்கமா ஏணிப்படி, மொட்டை மாடிக்கு. ஒருநாள் எங்க வீட்டுக்காரரு வேண்டாம் வேண்டாங்க, நான் ஏறிட்டேன். அங்கேருந்து பாத்தா உங்க வார்டு ஜன்னல் வரிசையாத் தெரியும். எது பதினாலுன்னு யாருக்குத் தெரியும். நல்ல வெயிலு. காலி கேரியரு கையில இருந்துச்சு. அதை உயரத் தூக்கி வெயில்ல இப்படி இப்படித் திருப்பினேன், பளபளன்னு அடிச்சுச்சு. "யப்போ! யப்போ!"ன்னு கத்தினேன். ரோட்டுல போறவன் எல்லாம் பாக்கான். அப்ப ஒரு ஜன்னல்ல ஒரு கை வந்துச்சு அண்ணாச்சி. மெதுவா, ரெண்டு மூணு வாட்டி ஆட்டுச்சு. அவருக்கு அவரு வெட்டின கேரியரைத் தெரியாதா? மகளுக்கு முன்ன கேரியரைத்தான் அடையாளம் கண்டிருப்பாரு. நான் அங்கயே, சுடுற தளத்துல, மண்டி போட்டு உக்காந்துட்டேன்.

பாத்துட்டாரு. நான் வந்து நிக்கறது தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எனக்கு என்ன வேணும்?

அடுத்த நாளு கேட்டுல நிக்கிறேன். அன்னைக்குள்ள கேரியரு உள்ள போயிருச்சு, முந்தின நாளுது கைக்கு வந்துருச்சு. போன் அடிக்குது. "தங்கப்பழத்தோட சொந்தக்காரங்களா?"ன்னு ஒரு பொம்பளப் பிள்ளை குரல். நான் கேட்டுக்கு வெளிய நிக்கிறேன், உள்ளேருந்து எனக்குப் போன் பண்ணிச் சொல்றாக, அவரு இறந்துட்டாருன்னு. "இப்பத்தான சோறு குடுத்துவிட்டேன், சாப்பிட்டாரா?"ன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை போனை வச்சிருச்சு.

முகத்தைக் காட்டல. ஜிப்பு வச்ச பையில சுத்தி, வேன்ல ஏத்தி, சுடுகாட்டுல நாலு பேரு கவசம் போட்டுத் தூக்கினாக. நான் தள்ளி நின்னு, "ஒரு பிடி அரிசி போட்டுக்கறேன்யா, வாய்க்கரிசி, பெத்த மக"ன்னு கும்பிட்டேன். பையைத் திறக்கக் கூடாதாம். கையில கொண்டு போன அரிசி கையிலயே இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அதை என்ன செய்யறதுன்னு தெரியல. அரிசி டின்லயே திருப்பிப் போட்டுட்டேன். போடலாமா கூடாதான்னு யாருகிட்டக் கேக்க?

அதான் அண்ணாச்சி நான் சொல்றது. பால் ஊத்தல, சரி. வாய்க்கரிசி போடல, சரி. ஆனா எங்கப்பா கடைசியாச் சாப்பிட்ட சோறு, என் சோறு. என் கையால பொங்கினது. இதை யாரும் என்கிட்டேருந்து பிடுங்க முடியாது. இது ஒண்ணை வச்சுக்கிட்டுத்தான் நான் ராத்திரி கண்ணை மூடுறேன். அத்தைக்கு இதை நான் சொன்னா ஏறாது. நீங்க சொல்லணும். கண்ணால பாத்தவுக சொன்னா யாரு மறுப்பா?

இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா? ரசம் ஊத்துறேன். மோர் மிளகாயைத் தொடவே இல்லையே, நல்லா வறுத்தது, கடிச்சுப் பாருங்க...

ஏன் அண்ணாச்சி அதை ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கீக?

இல்ல, சும்மாதான் கேட்டேன். காரம் ஆகாதா? வயித்துக்கு ஒத்துக்கிடாதா?

மூடியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. ஓரமா. காம்போட.

நீங்க எந்தக் கட்டில் அண்ணாச்சி?

சொல்லுங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், சொல்லுங்க.

பதினாலா? பதினாலு எங்கப்பா கட்டில்ல? அவரை மாடிக்கு மாத்தினதும் உங்களைப் போட்டாகளா? எப்ப... வேண்டாம், எப்பன்னு சொல்லாதீக. எனக்கு அது வேண்டாம்.

பேரு எழுதி ஒட்டியிருந்தேனே அண்ணாச்சி. தங்கப்பழம்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல? முதல் நாளு ஆஸ்பத்திரிச் சோறுன்னு நினைச்சீக, சரி. மறுநாளு? அதுக்கு மறுநாளு? கட்டில்ல போட்டாக, சோறு வந்துச்சு, சாப்பிட்டீக. உப்பு வேற குறைக்கச் சொன்னீக. நான் அதைக் கேட்டு அழுதேன்யா வண்டியில. ஊரு பூரா சொன்னேன், எங்கப்பா உப்பைக் குறைச்சுட்டாருன்னு.

என்ன? உங்களுக்கு யாருமே வரலையா? வீட்டுல எல்லாருமே படுத்துட்டாகளா? ஒருத்தர் கூடவா?

எந்திரிக்காதீக. உக்காருங்க. சோத்துல கையை வச்சுட்டுப் பாதியில எந்திரிக்கக் கூடாது. மன்னிப்பா? அதை வாங்கி நான் எங்க வைக்க? பசிச்சுச்சு, சாப்பிட்டீக. பசிச்ச மனுசன் பேரையா படிச்சுக்கிட்டிருப்பான்? கழுவி வேற அனுப்புனீக. மூச்சு வாங்கிக்கிட்டு, அந்தக் குழாயடி வரைக்கும் போயா கழுவுனீக? ஏன் கழுவுனீக அண்ணாச்சி? எச்சிலோட வந்திருந்தா எங்கப்பா எச்சி இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சா போயிருக்கும்...

அப்ப அந்தக் கை?

ஜன்னல்ல ஆட்டுன கை?

வேண்டாம். வாயைத் திறக்காதீக. அதை மட்டும் சொல்லாதீக. உங்க கையாவே இருந்தாலும் அதை உங்களோட கொண்டு போயிருங்க. எனக்கு ஒண்ணையாவது விட்டுட்டுப் போங்க.

ஆட்டோ சத்தம் கேக்குதா? வந்துட்டாக. கண்ணைத் துடைங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு, நானே அழல. கேளுங்க, அவுக உள்ள வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நீங்க ரொம்ப ஒண்ணும் பேச வேண்டாம். ரசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க போதும். அது பொய் இல்லையே. சோறு மிச்சம் வைக்கலைன்னு சொல்லுங்க, அதுவும் பொய் இல்ல. யாரு சாப்பிட்டாகங்கறதை நான் சொல்லிக்கிடுறேன். என் சோத்தைத் தின்னு உசுரோட வந்திருக்கீகல்ல, எனக்கு இது ஒண்ணைச் செய்யக் கூடாதா? அந்த மிளகாயை இப்படிக் குடுங்க. தட்டுல அது கிடக்க வேண்டாம், பாண்டி பாத்துருவான்.

வாங்கத்தை, பாத்து, படி ஏறி வாங்க. பாண்டி, அந்தச் சேரை இழுத்துப் போடு. இவுக யாருன்னு தெரியுதா அத்தை? ஆஸ்பத்திரியில அப்பா கூட இருந்தவுக. பக்கத்துக் கட்டில். பதினஞ்சு. நம்ம கேரியரைக் கொண்டுவந்து குடுக்க இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. நீங்க ஊரெல்லாம் சொன்னீகல்ல, இப்ப இவுககிட்டக் கேளுங்க, எங்கப்பா என் சோத்தைச் சாப்பிட்டாரா இல்லையான்னு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கலையாம். கடைசி நாளு வரைக்கும் ரசத்தைக் கையில ஊத்தி ஊத்திக் குடிச்சாராம். அப்படித்தான அண்ணாச்சி?

வாயில சோறு இருக்கு அத்தை, முழுங்கிட்டுச் சொல்லுவாக. நீ ஏன்டா அவரை அப்படிப் பாக்குற? தள்ளி நில்லு.

அண்ணாச்சி. தலையையாவது ஆட்டுங்க.